வாராத வெள்ளத்தின் பலன்

ஒரு செயலுக்குப் பலன் உண்டென்றால் அந்தப் பலன் எங்கேனும் ஒரு பொருளாகவோ ஓர் அனுபவமாகவோ இருந்தாக வேண்டும் என்பது மனிதர்களின் இயல்பான நம்பிக்கை. உழுதவனுக்கு நெல், கோயில் எடுத்தவனுக்குக் கோபுரம், பசித்தவனுக்கு அன்னமிட்டவனுக்கு அந்த முகத்தில் தோன்றும் தெளிவு. கண்ணுக்குப் புலனாகாத புண்ணியத்துக்குங்கூட நாம் சுவர்க்கம் என்றும் நற்பிறவி என்றும் ஒரு வடிவம் கொடுத்தே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால், ஒரு தீமை நிகழாமற் போவதையே தன் முழுப் பலனாக உடைய செயல் ஒன்று இருக்குமானால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? நிகழாத ஒன்று யாருக்கு உரியது? அதைச் செய்தவனுக்குப் புண்ணியம் உண்டா? அதனால் காக்கப்பட்டவனுக்குக் கடமை உண்டா? வெறும் தர்க்க விநோதமாகத் தோன்றும் இக்கேள்விகள், வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே நாட்டுப்புறத்து ஓடைகளின் குறுக்கே எழுப்பப்பட்ட சிறிய மண் அணைகளைப் பற்றிச் சிந்திக்கப் புகும்போது, ஊரும் பேரும் கொண்ட கேள்விகளாக நம் முன் வந்து நிற்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வாஷிட்டா என்ற ஆறு ஓடுகிறது. டெக்ஸஸ் மாநிலத்தின் வடகோடி மேட்டு நிலத்தில் பிறந்து, செம்மண் பூமியினூடே வளைந்து தென்கிழக்காகச் சென்று சிவப்பாற்றில் கலக்கும் அந்த நதியின் சரித்திரம் துயரம் மிகுந்தது. 1868 நவம்பர் 27ஆம் நாள் விடியற்காலையில், அதன் கரையில் குளிர்காலத்துக்காகத் தங்கியிருந்த ஷையன் மக்களின் குடியிருப்பைத் தளபதி கஸ்டரின் குதிரைப்படை தாக்கியது; சமாதானத்தை நாடியவர் என்று பெயர்பெற்ற தலைவர் பிளாக் கெட்டில் தம் மனைவியோடு அங்கே மாண்டார். 1892 ஏப்ரலில் ஷையன், அரப்பாஹோ மக்களின் நிலம் வெளியார் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஓடி வந்து நிலம் பிடித்த உழவர்கள், நெடுங்காலமாகப் புல்லின் வேர்கள் இறுகப் பற்றி வைத்திருந்த சரிவுகளைக் கலப்பையால் கீறிப் பருத்தியும் கோதுமையும் விதைத்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் ஏழைகள், பிள்ளைகளுக்குச் சோறு தேடியவர்கள். ஆயினும், மழையை உள்வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்த பூமி, ஒரு தலைமுறைக்குள் மழையைத் தாங்கமாட்டாத பூமியாயிற்று.

அதன் விளைவு இரண்டு முகங்களோடு வந்தது. 1934 ஏப்ரல் 3, 4 தேதிகளில் பெய்த பெருமழையில் வாஷிட்டா பொங்கி எழுந்து, ஹாமன் என்ற சிற்றூரின் பக்கத்தில் பதினேழு உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஓராண்டு கழித்து, 1935 ஏப்ரல் 14ஆம் நாள், அதே சமவெளியின்மேல் பகலை இரவாக்கிய புழுதிப்புயல் வீசிற்று. கறுப்பு ஞாயிறு என்று அந்த நாளை இன்றும் அந்நாட்டார் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீரால் வந்த அழிவும் நீரின்மையால் வந்த அழிவும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றினும், புல்லை இழந்த மண் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இதை ஊர் ஊராகச் சென்று எடுத்துரைத்த ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்ற மண்ணியல் அறிஞரின் தலைமையில், அந்த 1935ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென்று தனியே ஓர் அரசாங்கத் துறை அமைந்தது.

வெள்ளத்தைத் தெய்வச் செயல் என்று சொல்லி ஒதுங்கிவிடும் வழக்கம் எல்லாத் தேசங்களிலும் உண்டு. மழை தெய்வச் செயலாக இருக்கலாம். ஆனால் பெய்த மழை நான்கு நாட்களில் வரவேண்டிய ஓடைக்கு நான்கு நாழிகையில் வந்து சேர்ந்தது மனிதச் செயல். அந்தச் செயலும் ஒருவனுடையதன்று. பல்லாயிரம் கலப்பைகளின் கூட்டு வினை. யாரையும் குற்றவாளி என்று சுட்டிக் கூண்டில் நிறுத்த முடியாத இத்தகைய வினைக்குப் பிராயச்சித்தம் எது? தவறு செய்தவர் ஒரு காலத்தார், துன்பம் உற்றவர் இன்னொரு காலத்தார். மேட்டில் உழுதவர் ஒருவர், பள்ளத்தில் மூழ்கியவர் வேறொருவர். தனி மனிதனின் ஆன்ம லாபத்தை மட்டும் கருதும் அறநூல், இந்த இடத்தில் வந்து திகைத்து நிற்கும். ஊராகச் செய்த வினைக்கு ஊராகவே கழுவாய் தேட வேண்டும் என்ற தெளிவு அங்கே சிலருக்கு உண்டாயிற்று. பெரிய ஆற்றில் பேரணை ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடிப்பதைவிட, நீர் முதலில் திரளும் சின்னஞ்சிறு ஓடைகளின் தலைப்பிலேயே சிறு கரைகளை எழுப்பி, மழையை அது விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிறுத்திவைக்கலாம் என்று அவர்கள் வாதித்தார்கள். 1944ஆம் ஆண்டின் வெள்ளத்தடுப்புச் சட்டம் இதற்கென்று பதினொரு நதிப்படுகைகளைத் தேர்ந்தெடுத்தது. வாஷிட்டா அவற்றுள் ஒன்று. 1948 ஜூலையில், கார்டெல் என்ற ஊருக்கு அருகே கிளவுட் ஓடையின் மேல் அந்நாட்டின் இவ்வகை முதல் அணை முடிந்தது. 1954ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை நாடெங்கும் பரப்பிற்று. இன்று நாற்பத்தேழு மாநிலங்களில் இவ்வகை அணைகள் 11,000-க்கு மேல் இருக்கின்றன; ஒக்லஹோமாவில் மட்டும் 2,100-க்கு மேல்.

இந்த அணையின் அமைப்பை நம் ஏரிக்கரை தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. ஓடையின் அடிமண்ணைக் கெட்டி நிலம் காணும்வரை அகழ்ந்து, அந்த அகழியில் களிமண்ணை இட்டு இறுக்கி, அதன்மேல் மண்ணைப் படிப்படியாகக் கொட்டித் திமிசிட்டு எழுப்பிய கரை. கரைக்கு உட்புறம், கிணற்றின் உறைபோல் செங்குத்தாக நிற்கும் ஒரு கான்கிரீட் கோபுரம். அதன் அடியிலிருந்து கரையினூடே வெளியேறும் ஒரு குழாய். கரையின் ஓரத்தில், இயற்கை நிலத்தை வெட்டிப் புல் வளர்த்து வைத்த ஓர் அகன்ற கலிங்கு. மழைக்காலத்தில் வரும் நீர் கரையின் பின்னால் உயர்ந்து நின்று, கோபுரத்தின் வாயில் விழுந்து, குழாய் கொள்ளும் அளவில் மட்டும் மெல்ல வெளியேறும். ஏறத்தாழப் பத்து நாட்களுக்குள் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய இடம் மறுபடியும் காலியாகிவிட வேண்டும் என்பது விதி. ஏரிக்கும் இதற்கும் உள்ள பேதம் இங்கேதான். நிறைவதற்காகக் கட்டப்பட்டது ஏரி. காலியாக இருப்பதற்காகக் கட்டப்பட்டது இது. அடியில் வண்டல் படிவதற்கென விட்ட சிறு குட்டையில் மாடுகள் நீர் குடிக்கலாம், மீன் வளரலாம். ஆனால் அணை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த இடம், ஆண்டின் பெரும்பாகம் வெறும் புல்தரை. அதன் வெறுமையே அதன் ஆயத்தம்.

இப்போது அந்தப் புல்தரையின் ஓரத்தில் நின்று கேட்போம்: இதன் பலன் எங்கே? கீழே பல மைல் தூரத்தில் ஒரு வீட்டின் முற்றம் உலர்ந்திருக்கிறது; ஒரு பாலத்தின்மேல் பள்ளிப் பிள்ளைகளின் வண்டி போகிறது; ஓடைக்கரை வயலில் கோதுமை நிற்கிறது. இவை அணை இல்லாவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் அப்படியே இருந்திருக்கும். எந்த ஒரு நாளில் அவை அணையினால் இருக்கின்றன என்பதை அந்த வீட்டுக்காரன் அறியமாட்டான். பொறியியலார் ஏட்டில் கணக்கிட்டு, அணை இல்லையெனில் இந்த மழைக்கு நீர் இவ்வளவு உயர்ந்திருக்கும், இவ்வளவு நஷ்டம் ஏற்பட்டிருக்கும் என்று அனுமானிக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாமல் அரசாங்கம் பணம் கொடுப்பதுமில்லை. ஆனால் அனுமானத்தில் அறியப்பட்ட ஒன்று கண்ணீரையோ நன்றியையோ உண்டாக்குவதில்லை.

இல்லாமை என்பதும் ஒரு பொருளா என்ற விவாதத்தை நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் பல நூற்றாண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். அபாவத்தை ஏழாவது பதார்த்தமாக ஏற்றுக்கொண்ட நியாய வைசேஷிகர், அதைப் பிராகபாவம், பிரத்வம்ஸாபாவம், அத்யந்தாபாவம், அந்யோந்யாபாவம் என்று நான்காக வகுத்தார்கள்; அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தைப் பாடம் கேட்ட மாணவர்கள் இதை நெட்டுருவாக அறிவார்கள். மீமாம்சகருள் குமாரில பட்டர், இல்லாமையை அறிவதற்கு அனுபலப்தி என்று தனியாக ஒரு பிரமாணத்தையே ஒப்புக்கொண்டார். பிரபாகரர் அதை மறுத்தார். குடமில்லாத தரை என்று நாம் சொல்லுமிடத்தில் இருப்பது வெறும் தரைதான், தரைக்கு மேலாக இல்லாமை என்றொரு பொருள் அங்கே இல்லை என்பது அவர் பக்ஷம். உலக வாழ்க்கையில் நாம் எல்லோரும் பிரபாகரரின் சீடர்களாகவே நடந்துகொள்கிறோம். வெள்ளம் வராத முற்றத்தைப் பார்க்கும்போது முற்றத்தை மட்டுமே பார்க்கிறோம். அங்கே வராமற் போன வெள்ளத்தைக் காண்பதற்குக் குமாரிலர் சொன்ன அந்தத் தனிப் பிரமாணம் வேண்டியிருக்கிறது. அதைப் பயிலாத மனம், தான் காக்கப்பட்டிருப்பதை ஒருபோதும் அறிவதில்லை.

இந்த விசாரணையை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டு செல்லலாம். பிராகபாவம் என்பது ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னுள்ள இல்லாமை. அதற்கு ஆதி இல்லை, ஆனால் அந்தம் உண்டு. பொருள் தோன்றியதும் அது ஒழிகிறது. என்றேனும் தோன்றக்கூடியதற்கே பிராகபாவம் உண்டு. ஒருக்காலும் தோன்றாததன் இல்லாமை வேறு வகையைச் சேர்ந்தது. ஆகவே துன்பம் இன்னும் வராமல் இருக்கும் நிலையைக் காப்பாற்றி நீட்டிப்பது, பிராகபாவ பரிபாலனம் என்று சாஸ்திரகாரர்கள் பேசும் அந்தச் செயல், இயல்பிலேயே முடிவுபெறாத செயலாகிறது. மண் அணையின் உண்மை நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது வெள்ளத்தை அழிப்பதில்லை. வெள்ளம் ஒருநாள் வரும் என்பதை ஒப்புக்கொண்டே, வராத நிலையை நாளுக்கு நாள் நீட்டித்துத் தருகிறது. இவற்றுள் பெரும்பாலான அணைகளுக்குக் கட்டியவர்கள் குறித்த ஆயுள் ஐம்பது ஆண்டு. அதற்குள் வண்டல் குட்டையை நிரப்பிவிடும். கரையினுள் செல்லும் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். காத்தல் என்பது ஒருமுறை செய்து முடித்துவிட்டுக் கைகழுவும் காரியம் அன்று என்பதை அந்த ஐம்பதாண்டு வரம்பு நினைவூட்டுகிறது.

அதனால்தான் அணையைக் கட்டுவதைவிட அணையைப் பேணுவதில் தர்மத்தின் சூக்ஷ்மம் அதிகமாக இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். கரையின்மேல் முளைக்கும் மரக்கன்றை இளமையிலேயே வெட்டிவிட வேண்டும். விட்டால் அதன் வேர் கரையைத் துளைத்துச் செல்லும், மரம் பட்டபின் வேர் அழுகிய வழியே நீர் கசிந்து கரையை உள்ளிருந்தே அரிக்கும். வளை தோண்டும் பிராணிகளின் வளைகளைத் தேடி அடைக்க வேண்டும். குழாயின் வாயில் சிக்கும் கட்டைகளையும் செத்தைகளையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அகற்ற வேண்டும். கலிங்கின் புல்லைப் பேண வேண்டும். அங்கே வேலி போட்டோ மண்ணைக் குவித்தோ நீரின் வழியை மறிக்கலாகாது. இவற்றில் எதைச் செய்தாலும் அன்றைக்கு ஒரு மாறுதலும் தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது. பத்தாண்டு, இருபதாண்டு செய்யாமலிருந்தபின் ஒரே இரவில் எல்லாம் தெரியவரும்.

மீமாம்சகர்கள் கர்மங்களை வகுத்தபோது இத்தகைய செயலுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். சுவர்க்கத்தையோ செல்வத்தையோ வேண்டிச் செய்வது காமிய கர்மம். சந்தியாவந்தனம் முதலியவை நித்திய கர்மம். அவற்றைச் செய்வதால் தனியே ஒரு பலன் இல்லை, விடுவதால் பிரத்யவாயம் என்ற தோஷம் உண்டு. பலனைக் கொடுக்காத செயலை விதிப்பானேன் என்று கேட்டவர்களுக்கு, தோஷம் வராமல் காப்பதே அதன் பயன் என்று விடை கூறினார்கள். சங்கர பகவத்பாதர் தைத்திரீய பாஷ்யத்தில் இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழுப்பினார். செய்யாமை என்பது அபாவம். அபாவத்திலிருந்து தோஷம் என்ற உள்பொருள் எப்படிப் பிறக்கும்? நித்திய கர்மத்தை விடுவது முன்பே சேர்ந்திருக்கும் பாவத்துக்கு அடையாளமேயன்றிப் பாவத்தை உண்டாக்கும் காரணமன்று என்பது அவருடைய தீர்ப்பு. அந்த ஆக்ஷேபத்தின் கூர்மையை வாஷிட்டாவின் கரையில் நின்றால் நன்றாக உணரலாம். கரையின் மரத்தை வெட்டாமல் விட்ட சோம்பல், வெள்ளத்தைப் படைக்கவில்லை. உழப்பட்ட சரிவும், போன புல்லும், அடர்ந்து வந்த மழையும் அதை முன்பே படைத்துவிட்டன. சோம்பல் செய்ததெல்லாம், சேர்ந்திருந்த வினைக்குக் கதவைத் திறந்துவிட்டதுதான். காரணம் முன்னோருடையது, கதவு நம்முடையது. முன்னோர் செய்ததற்கு நாம் பொறுப்பல்லர் என்பதும், அதற்கு அணைபோடும் கடமை நம்முடையது என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று இதிலிருந்து நாம் தெளிகிறோம்.

நித்திய கர்மத்துக்குச் சித்த சுத்தியே உண்மைப் பயன் என்று வேதாந்திகள் சொல்வார்கள். நிகழாத தீமைக்காக உழைக்கும் மனிதனுக்கும் அதுவே பயனாகக் கிடைக்கிறது. ஏனெனில் அவனுக்குக் கிடைக்க வேறொன்றும் இல்லை. ஒக்லஹோமாவின் அணைகளுக்கு நிலம் கொடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். அணையின் பின்னால் நீர் நிற்கும் இடமாகத் தங்கள் ஓடைப் படுகை நிலத்தின்மீது நிரந்தர உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள் மேட்டு நிலத்து உழவர்கள். பெரும்பாலும் விலை பெறாமலே கொடுத்தார்கள். காக்கப்பட்டவர்களோ கீழே இருந்தவர்கள். நிலம் கொடுத்தவர்களுக்குக் குட்டையில் மீனும், மாட்டுக்கு நீரும் கிடைத்தது உண்மைதான். ஆயினும் அவர்கள் தந்தது தங்கள் நல்ல நிலத்தை, காத்தது முகம் அறியாதவர்களின் வீட்டை. 1954ஆம் ஆண்டின் சட்டத்தில் இன்னுமோர் அழகிய நிபந்தனை உண்டு. அணைக்கு மேலேயுள்ள நீர்ப்பிடிப்பு நிலத்தில் பாதிக்குக் குறையாத பகுதியின் உடைமையாளர்கள், தங்கள் நிலத்தில் மண்ணைக் காக்கும் முறைகளை மேற்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொடுக்க வேண்டும். கரை எழும்புவதற்கு முன் சரிவுகளில் புல் திரும்ப வேண்டும்; உழவு சரிவின் குறுக்கே செல்ல வேண்டும். மந்திரத்துக்கு முன் சங்கல்பம் என்று நம்மவர் வகுத்த முறைக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது! மண்ணைக் கொட்டிவிட்டால் போதும், மனம் மாற வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் நினைக்கவில்லை. பிராயச்சித்தம் என்பது அபராதம் கட்டுவது மட்டுமன்று, பழைய செயலை மறுபடி செய்யாதிருப்பதுமாகும் என்ற அறநெறியை, அரசாங்கத்தின் வறண்ட வாசகங்களினூடேயும் நாம் காண்கிறோம்.

நம் நாட்டில் நீர்நிலை அமைப்பது பேரறமாகப் போற்றப்பட்டது. இன்றைய ஆந்திர நாட்டின் கடப்பை மாவட்டத்தில் போருமாமிள்ளை என்ற ஊரில், விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் குமாரர் பாஸ்கரர் வெட்டுவித்த ஏரியின் 1369ஆம் ஆண்டுச் சாசனம், ஒரு மனிதன் தனக்குப்பின் விட்டுச் செல்லும் ஏழு சந்தானங்களுள் ஏரியையும் ஒன்றாக எண்ணுகிறது. ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு சாதனங்களையும், விலக்க வேண்டிய ஆறு தோஷங்களையும் வரிசைப்படுத்துகிறது. இரண்டாண்டுகள் நாள்தோறும் ஆயிரம் பேர் உழைத்ததையும் பதிவு செய்கிறது. ஆனால் அந்தப் புண்ணியம் நீர் நிறைந்து, நெல் விளைந்து, கண்முன் நிற்கும் புண்ணியம். ஏரி தன் பயனைத் தானே பறைசாற்றுகிறது. வெள்ளத் தடுப்பணைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆயினும் நம் ஏரிகளும் ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி தொடராக அமைந்து, பெருமழையை ஊர் ஊராகப் பங்கிட்டு, கீழேயுள்ளவர்களை மௌனமாகக் காத்தே வந்தன. அந்தக் காவலை யாரும் சாசனத்தில் பொறிக்கவில்லை. குடிமராமத்து என்ற முறையில் கோடைதோறும் ஊரார் கூடிக் கரைக்கு மண் இட்டதும், வாய்க்கால் தூர் எடுத்ததுமே அதற்கு எழுதப்பட்ட சாசனம். அந்த முறை தளர்ந்தபோது 1858ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அதைச் சட்டத்தால் கட்டாயமாக்க முற்பட்டதை எண்ணும்போது, நித்திய கர்மம் மனத்திலிருந்து நழுவியபின் அதைத் தண்டனையால் திரும்ப நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதும் விளங்குகிறது.

நிகழாத பலனுக்கு ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. அது தன் வெற்றியினாலேயே மறக்கப்படுகிறது. அணை கட்டியபோது கீழே வயல்கள் மட்டும் இருந்தன. அணை உடைந்தாலும் உயிர்ச்சேதம் நேராது என்று கருதி, அதற்கேற்ற அளவில் கரையும் கலிங்கும் அமைத்தார்கள். வெள்ளம் வருவது நின்றது. இருபதாண்டு வெள்ளம் காணாத நிலத்தில் வீடுகள் எழுந்தன, சாலை வந்தது. அந்த அணையே, ஒரு கைப்பிடி மண்ணும் மாறாமல், இப்போது உயிருக்கு அபாயம் உள்ள அணை என்று வேறு வரிசையில் சேர்க்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில், ஆயுள் முடியும் இவ்வணைகளைப் புதுப்பிப்பதற்கென்றே அந்நாட்டுப் பேரவை தனியாக ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. பாதுகாப்பு தான் காக்கும் பொருளைப் பெருக்குகிறது. பெருகிய பொருள் இன்னும் பெரிய பாதுகாப்பைக் கேட்கிறது. ஆனால் கேட்க வேண்டியவர்களுக்குத் தாங்கள் காக்கப்படுவதே தெரியாது. இது மனிதர்களின் நன்றியின்மை என்று கடிந்து பயனில்லை. அறியாததற்கு நன்றி செலுத்த ஒருவராலும் முடியாது. நன்றியை அடித்தளமாக வைத்து இந்த அறத்தைக் கட்ட முடியாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இந்த இடத்தில் கேள்வி தெய்வத்தின் சந்நிதிக்கே சென்று சேர்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று இறைவனின் தொழில்களை எண்ணுகிறோம். காத்தலைப் பற்றிப் புராணங்கள் சொல்லும் கதைகள் எல்லாம் மீட்பின் கதைகள்; யானை அலறியது, ஆழியேந்தியவன் விரைந்து வந்தான்; குழந்தை அழைத்தது, தூண் பிளந்தது. அபாயம் எல்லை கடந்தபின் நிகழும் அற்புதமே கதையாகிறது. ஆனால் காத்தல் தொழிலின் பெரும்பகுதி, முதலை வாய்ப்படாத யானைகளிடத்திலும் அழ நேராத குழந்தைகளிடத்திலும் அல்லவா நடந்துகொண்டிருக்க வேண்டும்? அதற்குக் கதை இல்லை, தலம் இல்லை, திருவிழா இல்லை. பக்தன் தனக்கு வந்த நோய் தீர்ந்ததற்கு முடி காணிக்கை செலுத்துகிறான். வராத ஆயிரம் நோய்களுக்கு எதைச் செலுத்துவான்? இறைவனின் மிகப் பெரிய கருணை நம் கண்ணுக்கு ஒருக்காலும் படாத கருணையே என்று சிந்திப்பவன், ஓடையின் தலைப்பில் மண் சுமந்த மனிதனும் தன் அளவில் அந்தத் தொழிலில் பங்கு கொண்டான் என்பதை மறுக்கமாட்டான். யோக சூத்திரம் செய்த பதஞ்சலியும் அதற்கு உரை கண்ட வியாசரும், கழிந்த துன்பம் தீர்ந்துபோனது, அனுபவத்திலுள்ள துன்பம் அனுபவித்தே தீர வேண்டியது, ஆகவே விலக்கத்தக்கது இனி வரவிருக்கும் துன்பமே என்ற கருத்தில் தங்கள் சாதன மார்க்கத்தை நிறுவினார்கள். தன் துன்பத்துக்கு அவர்கள் கூறிய விதியைப் பிறர் துன்பத்துக்கும் விரித்துக்கொண்டால், வருமுன் காப்பது கருணையின் தாழ்ந்த வடிவமன்று, அதன் முதல் வடிவம் என்பது தெரியும்.

ஆனால் இந்தப் பங்கு மனிதனைச் செருக்குக்கு ஆளாக்கலாகாது. கரையின் ஓரத்தில் வெட்டப்பட்ட கலிங்கு அந்த எச்சரிக்கைக்காகவே இருப்பதுபோல் தோன்றுகிறது. கணக்கிட்டவர்கள் தங்கள் கணக்கை மீறும் மழை ஒருநாள் பெய்யும் என்று அறிந்து, அந்த மழை கரையைப் புரட்டாமல் கடந்துபோக வழி விட்டார்கள். தான் தாங்கமாட்டாததற்கும் இடம் வைத்தபின்பே அந்த அணை முழுமை பெறுகிறது. புருஷப் பிரயத்தனத்தின் எல்லையைத் தானே அளந்து, அதற்கப்பால் உள்ளதற்கு வழிவிட்டு நிற்பதைவிடப் பக்குவமான ஆஸ்திகம் இல்லை. எல்லாம் விதி என்று கரை கட்டாதிருப்பவனும், எல்லாம் என் கையில் என்று கலிங்கு வெட்டாதிருப்பவனும் ஒரே பிழையை இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

ஆகவே நம் முதற் கேள்விகளுக்கு விடை இவ்வாறு அமைகிறது. நிகழாத தீமை உண்மையான பலனே. ஆனால் அது யாருக்கும் சொந்தமாகாத பலன். செய்தவன் அதைக் காட்டிப் பெருமை கொள்ள முடியாது. பெற்றவன் அதை உணர்ந்து நன்றி கூற முடியாது. புகழும் நன்றியும் எட்டாத இடத்தில் நிற்பதால், இந்த அறத்தைத் தாங்க விதி ஒன்றே வலிமையுடையது: செய்ய வேண்டியது ஆகையால் செய்வது. இன்று எந்த ஊரிலேனும் ஒரு கரையோ, வாய்க்காலோ, கலிங்கோ பழுதுபட்டுக் கிடக்குமானால், அங்கே குறைந்திருப்பது பணமோ அறிவோ அன்று, பலனைக் காணாமல் செய்யும் பழக்கம். அந்தப் பழக்கத்தை ஊட்டுவதற்கு நம் சமயங்களிடம் சாதனம் இருக்கிறது. நாள்தோறும் குறித்த வேளையில், எதையும் வேண்டாமல், ஒரு கடனைச் செய்து முடிக்கும் பயிற்சியை அவை பன்னூறு ஆண்டுகளாக மனிதனுக்கு அளித்து வந்திருக்கின்றன. அந்தப் பயிற்சி பூஜை அறையோடு நின்றுவிடாமல், பொதுக் கரையின் மரக்கன்றை வெட்டவும் வளையை அடைக்கவும் ஒருவனை எழுப்புமானால், அவனுடைய நித்திய கர்மம் தன் முழு அளவை எட்டிவிட்டது என்று நாம் துணிந்து கூறலாம்.